கூழ் ஊற்றும் வீடு

கிராமத்துக்குக் குடிபோய்விடலாம் என்று என் மருமகள் சொன்னபோது, அதற்கு எதிரான வாதங்களையெல்லாம் நான் வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் சொல்லி வந்திருக்கிறேன் என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. திருப்பதியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கிராமத்து மக்கள் ஏன் நகரத்துக்கு வருகிறார்கள் என்ற பாடம் எங்களுக்கு ஒரு பருவம் முழுக்க நடக்கும். எதிர்த்திசையில் போகிறவர்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. தேர்வுக்கு வராது என்று அதைத் தாண்டிவிடுவோம்.

அவளுடைய காரணங்கள் எளிமையானவை. நாங்கள் திருப்பதி புறவழிச்சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம்: என் மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி, மூன்று வயதுப் பேரன், நான். என் மனைவி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தை மாதம் என் மகனும் இறந்தான். வீட்டுக்கு எதிரே உள்ள அதே சாலையில். பேத்தி பள்ளிக்குப் போகவும் வரவும் தினமும் அந்த இடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. மகனின் சம்பளம் இல்லாமல் அந்த வாடகையைக் கொடுக்கவும் முடியாது. மருமகள் மருத்துவமனை பில்களுக்குக் குறியீட்டு எண் போடும் வேலை பார்க்கிறாள். கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. கரண்டும் நெட்டும் இருந்தால் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை.

“மூணு விசயம்தான் மாமா. பசங்க பெரிய ரோட்ட தாண்டாம ஸ்கூலுக்குப் போகணும். வாடகை என் சம்பளத்துக்குள்ள அடங்கணும். நான் கத்தினா காதுல வாங்கற தூரத்துல ஆளுங்க இருக்கணும்,” என்றாள்.

மூன்றாவதைச் சொல்லும்போது அவள் வேறு பக்கம் பார்த்தாள். விபத்து நடந்த அன்று அவள் மாடியிலிருந்து கூப்பிட்டதை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்கவில்லை. எல்லோர் வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது.

வீடு பார்க்க அவளோடு நான் போனேன். முதலில் பார்த்தது சாந்திபுரம் பக்கம். தோட்டம், கிணறு, அகலமான வாசல், மிகக் குறைந்த வாடகை. மருமகளுக்குப் பிடித்துவிட்டது. ஏன் இவ்வளவு குறைவு என்று நான் கேட்டேன்.

“பொழுது சாஞ்சா வெளிய வரக்கூடாது சார், அவ்ளோதான். யானைங்க தோட்டத்தோட போயிடும். வூட்டாண்ட வராது,” என்றார் உரிமையாளர்.

“எப்பவுமே வந்தது இல்லையா?”

“ஒரே ஒரு தபா. செவுரு மட்டும்தான் போச்சு.”

அடுத்து நாயுடுபேட்டைக்கு அருகில் ஒன்று. வீட்டுக்குப் போகும் வழியே சென்னை நெடுஞ்சாலைதான். லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. மருமகள் காரை விட்டு இறங்கவில்லை. திருப்பிவிடுங்கள் என்று டிரைவரிடம் சொன்னேன்.

மூன்றாவது வீடு கங்காதர நெல்லூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஊரில் கிடைத்தது. தமிழும் தெலுங்கும் சரிபாதி. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பது அங்கே யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. தெருவின் கடைசியில் அரசுப் பள்ளி. ஒட்டினாற்போல் வீடுகள். வீட்டுக்காரர் சித்தூரில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். பூட்டிக் கிடந்தால் கரையான் வருகிறது, யாராவது இருந்தால் போதும் என்றார். மருமகள் பின்வாசலில் நின்று கொஞ்சம் குரலை உயர்த்திப் பேத்தியைக் கூப்பிட்டாள். பேத்தி வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மாள் மதில்மேல் எட்டிப்பார்த்து, “இன்னாம்மா, இன்னா ஓணும்?” என்று கேட்டார். வீடு முடிவாயிற்று.

குடிபோகும் அன்று வீட்டுக்காரர் பால் காய்ச்ச நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். துக்கம் நடந்த வருடத்தில் பால் காய்ச்சிப் புகுவது எங்களில் கிடையாது. ஆகவே நான், “எங்களுக்கு இன்னும் வருடம் திரும்பவில்லை, சும்மாவே நுழைந்துகொள்கிறோம்” என்றேன். அவருக்குச் சொல்ல வேண்டியது முறை என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் ஒருவர் காதில் விழுவது மாலைக்குள் எல்லோர் காதிலும் விழுந்துவிடும்.

சச்சிவாலயம் என்று அங்கே சொல்லப்படும் ஊர் அலுவலகத்தில் ஆதார் முகவரியை மாற்றினோம். ரேஷன் அட்டைக்கு மனு கொடுத்தோம். கேஸ் இணைப்பும் மாறியது. காகிதத்தின்படி நாங்கள் அந்த ஊர்க்காரர்கள் ஆவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. முன்னறை எனக்கு என்று மருமகள் ஒதுக்கினாள். என் புத்தகப் பெட்டிகள் அங்கே அடுக்கப்பட்டன. நான் அவர்களோடு இருப்பேனா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேச வேண்டிய விஷயமாக அது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பேத்தி தெருக் குழந்தைகளோடு நடந்தே போய் வந்தாள். பேரன் கோழிகளைத் துரத்துவதற்கே எழுந்தான். கரண்ட் அவ்வப்போது போனது, இன்வெர்ட்டர் வாங்கினோம். பால், காய், வாடகை எல்லாம் மருமகளின் சம்பளத்துக்குள் அடங்கின. அவள் கேட்ட மூன்றில் இரண்டு அப்படியே கிடைத்தன.

மூன்றாவதுதான் பிடிபடாமல் இருந்தது. ஊர் மக்கள் நல்லவர்கள். முருங்கைக்கீரை கொடுத்தார்கள், மாங்காய் கொடுத்தார்கள், பேரனுக்கு முட்டை கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே நின்று கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பேசுவார்.

“உள்ள வாங்கக்கா,” என்பாள் மருமகள்.

“இருக்கட்டும் கண்ணு. அடுப்புல வெச்சிட்டு வந்துகிறேன்.”

எப்போது கூப்பிட்டாலும் அவர் அடுப்பில் ஏதோ இருந்தது.

ஒரு நாள் பிற்பகல் நான் ஓய்வூதிய வேலையாகத் திருப்பதி போயிருந்தபோது பேரனைத் தேள் கொட்டிவிட்டது. மருமகள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாளின் கணவர் பைக்கைக் கேட்டருகே கொண்டுவந்து நிறுத்தி, “ஓடியாம்மா, கொயந்தைய தூக்கிக்கினு வா!” என்று கூவினார். கங்காதர நெல்லூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மாலைக்குள் பையன் எழுந்து விளையாடினான். நான் திரும்பி வந்தபோது அவள் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். பிறகு சொன்னாள்:

“எல்லாரும் வந்தாங்க மாமா. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா நான் வூட்டுக்குள்ள இருந்து கத்தினேன், அவங்க கேட்டுக்கு வெளிய இருந்து பதிலுக்குக் கத்தினாங்க. ஒருத்தரும் உள்ள கால் வைக்கல. பையன தூக்கிக்கினு நானேதான் வெளிய ஓட வேண்டியதாச்சி.”

சற்று நேரம் கழித்து, “தசரா வரைக்கும் பாக்கறேன். சரியா வரலன்னா பெங்களூர்ல எங்க அண்ணன் வூட்டு மாடிக்குப் போயிடலாம். அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதான் எனக்குப் பயமே,” என்றாள்.

மறுபடியும் ஒரு மாடி, மறுபடியும் ஒரு பெரிய சாலை.

ஆடி பிறந்தது. அந்த ஊரில் கங்கம்மாவுக்கு ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் கூழ் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, ஒரு பானை கொண்டுபோய்க் கோயில் முன்னால் வைத்திருக்கும் பெரிய அண்டாவில் ஊற்ற வேண்டும். எல்லாம் கலந்த பிறகு அதிலிருந்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். அதற்கு முன் பூசாரியும் இரண்டு பெண்களும் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக வீடு வீடாகப் போய், வாசலில் தெளித்து நாளைச் சொல்லிவிட்டு வருவார்கள். அப்படிச் சொல்லப்பட்ட வீடுதான் கூழ் ஊற்றும் வீடு. கல்யாணத்துக்கு அழைப்பு வைப்பதும், காய்ச்சல் என்றால் உள்ளே வந்து பார்ப்பதும், கைம்மாற்றாக அரிசி கேட்பதும் கூழ் ஊற்றும் வீடுகளுக்குள்தான் நடந்தன. இதை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. ஒரு மாதம் பார்த்ததில் தெரிந்துகொண்டது.

பூசாரியும் அந்தப் பெண்களும் வந்த அன்று பேத்தி கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மூவரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெண் அவள் கன்னத்தைத் தட்டினாள். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“அம்மா, நம்ம வூட்ட வுட்டுட்டாங்க!” என்று பேத்தி உள்ளே ஓடிவந்தாள். மறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தாள். தெருமுனை வரை போய்க் கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டாள்.

அன்று மாலை மருமகள் கோயிலுக்குக் கிளம்பினாள். “நீங்களும் வாங்க மாமா. பேச வேணாம். கூட இருந்தா போதும்,” என்றாள்.

கோயில் முன்னால் சிமெண்ட் மேடையில் பூசாரி சீரியல் விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும்; மற்ற நாட்களில் எலெக்ட்ரீஷியன். பக்கத்து வீட்டு அம்மாளும் அவர் கணவரும் வேறு சிலரும் இருந்தார்கள்.

“அண்ணா, எங்க வூட்டுக்கு ஏன் வரல?” என்று மருமகள் நேராகவே கேட்டாள்.

பூசாரி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். “தள்ளி வெக்கலம்மா. தப்பா நெனச்சிக்காத. உங்க வூட்ல துக்கம் கீது. வருசம் திரும்பட்டும், அடுத்த ஆடிக்கு மொத வூடா உன் வூட்டுக்குத்தான் வர்றேன். இப்ப ஆத்தாளுக்கு ஊத்தற பொம்பளைங்க உங்க வூட்ல கால் வெச்சா அவங்க பானைய நான் வாங்கக்கூடாது.”

“அடுத்த ஆடிக்கு நாங்க இங்க இருப்போமான்னு தெரியலண்ணா.”

“இன்னாத்துக்கு அப்டி பேசற?” என்றார் பக்கத்து வீட்டு அம்மாள்.

“ஒரு வருசம் கேட்டாண்டயே நின்னு பேசிக்கினு இருக்க முடியாதுக்கா. எனக்கு முடிஞ்சாலும் பசங்களுக்கு முடியாது.”

அந்த அம்மாளுக்கு அது சுருக்கென்றிருக்க வேண்டும். பூசாரியின் பக்கம் திரும்பினார். “ஏம்பா, சாவு நடந்தது திருப்பதில. இது வேற ஊரு, வேற வூடு. இந்த அடுப்புக்கு இன்னா துக்கம்?”

“அடுப்பு புதுசா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். “இல்ல. அங்கருந்து கொண்டாந்ததுதான்,” என்றாள்.

பக்கத்து வீட்டு அம்மாளின் கணவர் சிரித்தார். “கேஸ் அடுப்புக்குக் கூடவா துக்கம் ஒட்டிக்கினு வரும்? அப்ப சிலிண்டருக்கு?”

“யோவ், சும்மா கெட. சிலிண்டரு ஊர் மேல சுத்தறது. அதுக்கு ஏது வூடு?” என்றார் அவர் மனைவி.

“என்னிய மாதிரின்னு சொல்லு.”

“நீ சுத்தினா பரவால்லயே. துன்ற நேரத்துக்கு கரெக்டா வந்துடறியே.”

சிரிப்பு அடங்கக் காத்திருந்து பூசாரி சொன்னார்: “அடுப்ப மாத்திக்கலாம். அது பெரிய விசயம் இல்ல. கொள்ளி வெச்சது யாரு?”

பேரன் சிறியவன் என்பதால் நான்தான் வைத்தேன் என்றேன். பேச வேண்டாம் என்று சொல்லி அழைத்து வந்திருந்தாலும் அதற்கு மருமகள் பதில் சொல்ல முடியாது.

பூசாரி விளக்கு ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, “அப்ப துக்கம் உங்க கையில கீது சார். நீங்க எந்த அடுப்புல துன்றீங்களோ, அந்த வூட்ல கீது. எங்க ஊரு வயக்கம் அப்டி,” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

என் சொந்த ஊரில் வழக்கம் வேறு. அங்கே துக்கம் பங்காளிகள் எல்லோர் மேலும் விழும், ஓர் ஆளைத் தொடர்ந்து போகாது. இங்கே ஏன் இப்படி என்று யோசித்தேன். இது கரும்பு வெட்ட வெளியூர்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்குகிற ஊர். சாவு ஓரிடம், அடுப்பு ஓரிடம் என்று இருந்தவர்களுக்கு இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கலாம்.

பக்கத்து வீட்டு அம்மாளின் கணவர்தான் வழி கண்டுபிடித்தார். “சாரு நாலு நாளு திருப்பதிக்குப் போய்ட்டு வரட்டுமே. கூழு முடிஞ்சதும் வந்துடட்டும். யாருக்கு நஷ்டம்?”

“ஆத்தா இன்னா சச்சிவாலயம் ஆபீசரா?” என்றார் அவர் மனைவி. “காலைல வந்து கைரேகை வெச்சிட்டு எய்ந்து போயிட? நாலு நாள்ல திரும்பி வர்றத பாக்க மாட்டாளா?”

மேடையில் இருந்தவர்கள் உரக்கச் சிரித்தார்கள். மருமகளும் சிரித்துவிட்டாள். தை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

“சித்தூர்ல ஒரு ரூம் பாத்துக்கினா?” என்று வேறொருவர் கேட்டார்.

“பஸ்சு ஏறினா அர மணி நேரம். தெனைக்கும் சாயந்தரம் வந்து துன்னுட்டுப் போற எடம் தனி அடுப்பா?” என்றார் பூசாரி. பிறகு என்னைப் பார்த்து, “வேற அடுப்புன்னு ஆயிட்டா ஒண்ணும் இல்ல சார். விருந்தாளியா எப்ப வேணா வரலாம், இருக்கலாம், துன்னலாம். விருந்தாளியோட துக்கம் விருந்தாளியோட. வூட்ட ஒட்டாது,” என்றார்.

மருமகள் எழுந்துகொண்டாள். “வேணாம்ண்ணா. அடுத்த வருசமே ஊத்திக்கறோம்.”

வீட்டில் குழந்தைகளுக்குப் போட்டுவிட்டு எனக்குப் பரிமாறினாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

“நீங்க எங்கயும் போக வேணாம் மாமா,” என்றாள், திரும்பாமல்.

“திருப்பதில என்னோட வேலை பாத்தவர் வூட்டு மாடியில ஒரு ரூம் காலியா இருக்குது. பென்சன் பேங்க் அங்கதான். டாக்டரும் அங்கதான்.”

“நாலு பேர் சொன்னாங்கன்னு மாமனார வெளிய அனுப்பிட்டாள்னு எங்க அம்மா வூட்லயே பேசுவாங்க.”

“பேசுவாங்க. தசராவுக்கு நீ பெங்களூர் மாடிக்குப் போனா அதுக்கும் பேசுவாங்க.”

இப்போது திரும்பினாள். “நீங்க இதெல்லாம் நம்பறீங்களா?”

“நம்பறனான்னு அவங்க கேக்கலயேம்மா. எங்க சாப்பிடறேன்னுதான் கேட்டாங்க.”

“அவர் இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?”

“அவன் இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.”

அதோடு இருவரும் நிறுத்திக்கொண்டோம். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அந்தக் கேட்டுக்குப் பின்னால் இரண்டு குழந்தைகளோடு அவள் வாழ வேண்டிய காலம் நீண்டது. எனக்கு அப்படி இல்லை. கணக்குப் போடுவது என் தொழிலாக இருந்தது. இது அதில் எளிய கணக்கு.

சித்தூரில் புது அடுப்பு வாங்கினோம். பழையது என்னோடு போவதுதான் சரி என்று பூசாரி சொல்லியிருந்தார். அதைச் சாக்கில் கட்டித் தந்தாள். துணிப்பை ஒன்று, மருந்துகள், அடுப்பு. புத்தகப் பெட்டிகள் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்துப்போனால் பேத்திக்குப் புரிந்துவிடும் என்று இருவருமே நினைத்தோம். டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தது. அவள் அடுப்பைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளின் கணவர் தன் பைக்கில் என்னைக் கங்காதர நெல்லூர் வரை கொண்டுவிட்டார். வழியெல்லாம் மாங்காய் விலையைப் பற்றியே பேசினார். பஸ் வந்ததும் அடுப்பைத் தூக்கி மேலே கொடுத்துவிட்டு, “கோச்சிக்காத சார்,” என்றார். கோபம் இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

சித்தூரில் மாறி ஏறிய திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது?”

“அடுப்பு.”

“எந்த ஊருக்கு?”

“திருப்பதிக்கு.”

“திருப்பதிக்கு அடுப்பா? அங்கதான் மலை மேல சோறு சும்மாவே போடறாங்களே சார்!” என்றார் பஸ் முழுக்கக் கேட்கும்படி. நானும் சிரித்தேன். இருக்கைக்குக் கீழே தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார், சுமைக்குச் சீட்டு போடவில்லை.

மாடி அறை வசதியானது. ஒரு ஜன்னல், ஒரு சிறு சமையல் மேடை. ஓய்வு பெற்றபின் நான் சமைத்ததில்லை. சாதமும் ரசமும் சில நாட்களில் கைக்கு வந்தன. கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமைத்துச் சாப்பிட்டேன். எங்கே சாப்பிடுகிறேன் என்பது அன்று முக்கியம் என்பதால் ஓட்டலுக்குப் போக மனம் வரவில்லை. இதை நம்பிக்கை என்று சொல்லலாமா என்று தெரியவில்லை.

பிற்பகலில் பேத்தி போன் செய்தாள். “தாத்தா, நம்ம வூட்டுக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சாங்க. நான்தான் சின்னப் பானைய தூக்கிக்கினு போனேன். பூசாரி மாமா அண்டாவுல ஊத்திட்டாரு. இப்ப நம்ம கூழு எதுன்னே தெரியல!”

பின்னணியில் பல பெண்களின் பேச்சு கேட்டது. பாத்திர ஓசை. யாரோ பேரனை அதட்டினார்கள். அது மருமகளின் குரல் அல்ல. பிறகு மருமகள் போனை வாங்கினாள்.

“மாமா, சாப்டீங்களா?”

“ஆச்சு.”

“எல்லாரும் உள்ள வந்து உக்காந்துகிறாங்க. கூடத்துல எடமே இல்ல. டீ போட்டேன், டம்ளர் பத்தல. அக்கா அவங்க வூட்ல இருந்து எடுத்துக்கினு வந்தாங்க...” அதற்குள் பின்னாலிருந்து, “ஏ கண்ணு, சக்கர எங்க வெச்சிகிற?” என்று பக்கத்து வீட்டு அம்மாள் கூப்பிட்டார். அடுக்களைக்குள்ளிருந்து வந்த குரல் அது.

“போம்மா, கூப்பிடறாங்க,” என்றேன்.

தசரா வந்து போயிற்று. பெங்களூரைப் பற்றி மருமகள் பேசவில்லை. பேத்திக்கு அம்மை போட்டபோது அந்தத் தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள், மருமகள் வேலையை விடாமல் பார்க்க முடிந்தது. நான் மாதத்துக்கு இரண்டொரு முறை போய் வந்தேன். கேட்டருகே பக்கத்து வீட்டு அம்மாளின் கணவர், “வாங்க விருந்தாளி சார்!” என்று வரவேற்பார். எனக்கு முதலில் இலை போட்டார்கள். முன்னறையில் என் பெட்டிகள் ஒரு சுவரோரம் நகர்த்தப்பட்டு, பேத்தியின் மேசை வந்திருந்தது. மாலையில் தெருக் குழந்தைகள் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதினார்கள். நான் கட்டிலில் படுத்தபடி அவர்கள் வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மறுநாள் கிளம்பிவிடுவேன்.

தை மாதம் முதல் திதி வந்தது. என் அறையில்தான் கொடுத்தோம். மருமகளும் குழந்தைகளும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அவளும் நானும் சேர்ந்து சமைத்தோம். படையல் வைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கப் பிற்பகல் ஆயிற்று. பேரன் தூங்கிப்போனான். பாத்திரங்களை ஒதுக்கும்போது மருமகள் சொன்னாள்:

“வருசம் திரும்பிடுச்சி மாமா. பூசாரியண்ணா கிட்ட கேட்டுட்டேன். இனிமே ஒண்ணும் தடையில்ல, அழச்சிக்கினு வான்னு சொன்னாரு. மேசைய கூடத்துல போட்டுக்கலாம்.”

அவள் மனதாரத்தான் சொன்னாள். அதில் எனக்கு ஐயம் இல்லை. ஒரு வருடம் என்பது அந்த ஊரின் விதி, அதை நான் மதித்தேன். என் கையில் இருப்பதாக அவர்கள் சொன்னது வருடத்தோடு போய்விட்டதா என்று பார்க்க அவர்களிடம் வழி இல்லை. என்னிடம் இருந்தது. அது இன்னும் போகவில்லை. அந்த வீட்டில் இப்போது குழந்தைகள் சத்தம் போட்டு வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். பெண்கள் கேட்காமலே உள்ளே வருகிறார்கள்.

“கொஞ்ச நாள் போகட்டும்மா,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வற்புறுத்தவில்லை. “பசங்களுக்கு லீவு விட்டதும் வந்துடுங்க,” என்றாள்.

வருகிறேன் என்றேன். பொழுது இறங்குவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று பேத்தி அவசரப்படுத்தினாள். கங்காதர நெல்லூரிலிருந்து கடைசி ஆட்டோ போய்விடுமாம், அப்புறம் யாராவது வந்து கூட்டிப்போக வேண்டுமாம், யார் யார் வருவார்கள் என்று பெயர்களை அடுக்கினாள். பஸ் நிலையம் வரை நடந்து போனோம். ஜன்னலோர இடம் கிடைத்தது. பேரன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கையாட்டினான்.

பஸ் கிளம்பியதும் அறைக்குத் திரும்பி, மீந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.